தூர்வாரிய மறுவருஷம்



ஐப்பசி மழைக்கு முன்னால் இந்த அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். "எங்கள் ஊர்க் குளத்தைத் தூர்வார ஆசைப்படுகிறோம். பையன்கள் தயாராக இருக்கிறார்கள், கொஞ்சம் பணமும் சேர்ந்திருக்கிறது. யாரிடம் போக வேண்டும்?" தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. அலுப்பு உங்கள் மேல் இல்லை, ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப எழுதுவதில். எனவே இந்த மாதப் பக்கத்தை மொத்தப் பதிலாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஊராட்சிக்குப் போங்கள். நகரத்தில் இருந்தால் வார்டு கவுன்சிலரிடம் போங்கள். ஆனால் எதற்குப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போங்கள். பெரும்பாலோர் பணம் கேட்டுத்தான் போகிறார்கள். அங்கே பணம் எப்போதும் குறைவு. இருக்கிற பணமும் தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் ஏற்கெனவே பிரிந்திருக்கும். அங்கே கேட்க வேண்டியவை வேறு இரண்டு: ஒரு காகிதம், மறுவருஷத்துக்கு ஓர் ஆள்.

காகிதத்தின் கதை பழையது. வேடந்தாங்கல் ஏரிக்கு வந்து கூடு கட்டும் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக்குப் போய்க் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். 1798-இல் அவர் ஓர் உத்தரவு கொடுத்தார்: கூடு கட்டும் பறவைகளை யாரும் பிடிக்கவோ துன்புறுத்தவோ கூடாது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது ஊருக்குத் தெரியும். அதனால் அதற்கு முன்பும் அவர்கள் பறவைகளைக் காத்தே வந்தார்கள். ஆனால் துப்பாக்கியோடு வருகிறவனிடம் காட்ட ஒரு தாள் வேண்டியிருந்தது. இன்று சுற்றுச்சூழல் திட்டம் என்று பெரிய பெயரில் நடக்கிற பலவற்றின் சாரம் இதற்குள்ளேயே இருக்கிறது. வேலையை ஊர் செய்யும். ஊருக்கு வெளியே இருந்து வருகிறவரை நிறுத்துவதற்கு மட்டும் அதிகாரத்தின் முத்திரை தேவைப்படும்.

இப்போது உங்கள் குளத்துக்கு வருவோம். முதலில் அது யாருடையது?

நம் ஊர்க் குளம் நம்முடையது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். வருவாய்த் துறைக் கணக்கு அப்படிச் சொல்லாது. தமிழ்நாட்டில் நாற்பது எக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகளும் கண்மாய்களும் நீர்வளத் துறையிடம், நாம் பழக்கத்தில் 'பொதுப்பணித் துறை ஏரி' என்று சொல்வது. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடம். ஊருணி, குட்டை, கோயில் குளம் என்று போனால் கிராம ஊராட்சி, அறநிலையத் துறை என்று இன்னும் கிளை பிரியும். ஏரி ஒரு துறையிடம், அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய் இன்னொரு துறையிடம், கரையில் நிற்கும் மரம் மூன்றாவது துறையிடம் இருப்பதும் உண்டு. இது தெரியாமல் பொக்லைனை இறக்கிவிட்டு, இரண்டாம் நாளே தாலுகா ஆபீஸ் ஜீப்பைப் பார்த்துத் திகைத்து நின்ற இளைஞர் குழுக்கள் நிறைய.

ஆகவே முதல் வேலை மண்வெட்டி எடுப்பது இல்லை, 'அ' பதிவேட்டைப் பார்ப்பது. குளத்தின் புல எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வாங்குங்கள். பதிவேட்டு விவரத்தை இப்போது அரசின் இணைய சேவையிலும் பார்க்கலாம். பரப்பு எவ்வளவு என்று எழுதியிருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிற குளம் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் ஆக்கிரமிப்பின் கதை தொடங்குகிறது. அதைத் தனி ஆளாகப் பேசப் போகாதீர்கள், கிராம சபையில் பேசுங்கள். புலப்படத்தில் வரத்துக் கால்வாயைத் தேடுங்கள். கால்வாய் அடைந்து கிடக்கும்போது குளத்தை மட்டும் ஆழமாக்கினால் வெயில் காயும் ஒரு பெரிய பள்ளம்தான் கிடைக்கும். தூர்வாரல் என்றதும் எல்லோர் கண்ணும் குளத்தின் நடுவில் போகிறது. கலிங்கையும் மடையையும் வரத்துக்காலையும் பார்க்கிறவர் குறைவு. புகைப்படத்துக்கு அவை எடுப்பாக இருப்பதில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

எடுக்கிற வண்டலை என்ன செய்வது என்பதற்கு வழி இப்போது எளிதாகியிருக்கிறது. விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் இலவசமாக வண்டல் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று 2024-இல் அரசு மாற்றியது. செலவுக்கு 'நமக்கு நாமே' இருக்கிறது: மதிப்பீட்டில் ஒரு பங்கை ஊர் போட்டால் மீதியை அரசு போடும். 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் அறுபது விழுக்காடு துப்புரவுக்கும் குடிநீருக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. அந்தக் குடிநீர்ப் பங்கிலேயே மழைநீர் சேகரிப்பும் அடக்கம் என்பதைப் பல ஊராட்சிகள் பயன்படுத்திக்கொள்ளவே இல்லை. ஊராட்சிச் செயலரிடம் போகும்போது இந்தத் தலைப்பைச் சொல்லிக் கேட்டால் அவர் நிமிர்ந்து பார்ப்பார்.

இனி அந்த ஆள்.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்துவிட்டன. தென்னையை மட்டும் நம்பியிருந்தவர்கள் நெல்லுக்குத் திரும்ப நினைத்தபோதுதான் ஏரிகளின் நினைப்பு வந்தது. காவிரியின் கடைமடையில் இருக்கும் பேராவூரணிப் பெரியகுளம் 564 ஏக்கர். 2019 ஜூனில் அந்தப் பகுதி இளைஞர்கள் அதைத் தூர்வாரத் தொடங்கினார்கள். கல்லூரிப் பிள்ளைகளிலிருந்து வெளிநாட்டில் வேலைபார்ப்பவர்கள் வரை காசு கொடுத்தார்கள். கரை உயர்ந்தது; ஏரிக்குள் மண் திட்டுகள் எழுப்பிக் கன்றுகள் நட்டார்கள். அந்த முயற்சி பின்னர் 'கைஃபா' என்ற அமைப்பாகி வேறு மாவட்டங்களின் நீர்நிலைகளுக்கும் போனது. இதையெல்லாம் நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள்.

படிக்காமல் விட்ட ஒன்று உண்டு. கஜா அடித்த அன்று அந்த மாவட்டங்களில் ஒரு ஊராட்சித் தலைவர்கூடப் பதவியில் இல்லை. வார்டு உறுப்பினரும் இல்லை. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நீதிமன்றத்தில் நின்றுபோய், கிராமங்களுக்கு 2019 டிசம்பர் வரை தள்ளிப்போனது. அதுவும் முதலில் 27 மாவட்டங்களுக்கு மட்டும். நகரங்களுக்கு 2022 பிப்ரவரி. அந்த இடைவெளிக்குள் என்னென்ன நடந்தன என்று எண்ணிப் பாருங்கள். 2016–17 வறட்சி. ஒக்கி புயல். கஜா. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் இருபத்தைந்து லட்சம் லிட்டர் தண்ணீர் வந்து இறங்கியது. பருவநிலை நம்மைப் போட்டுப் புரட்டிய அந்த ஆண்டுகளில், தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர் நமக்கு இல்லை. முகாமுக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும் கிழவியின் வீடு எது, மின்கம்பம் எந்தச் சந்தில் விழுந்திருக்கிறது என்பதெல்லாம் தேர்தல் இல்லாத ஊராட்சிகளைப் பார்த்துக்கொண்ட தனி அலுவலருக்குத் தெரியாது. அவர் மேல் தப்பில்லை. ஒரே ஆள் எத்தனையோ ஊராட்சிகளுக்குக் கையெழுத்துப் போடுகிறவர்.

அந்தப் பாடம் யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை. 2019-இல் வென்றவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. அந்த மாவட்டங்களின் ஊராட்சிகள் மறுபடி தனி அலுவலர்களிடம் போயின. மாநில அரசு காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கியிருக்கிறது, மாவட்டந்தோறும் கலெக்டர் தலைமையில் காலநிலை மாற்ற இயக்கம் வைத்திருக்கிறது, நல்ல காரியங்கள்தான். ஆனால் மழை விழுவது மாவட்டத்தின் தலையில் இல்லை, ஏதோ ஒரு தெருவில். அந்தத் தெருவுக்கு உரிய நாற்காலியைக் காலியாக வைத்துக்கொண்டு மேலே எத்தனை இயக்கம் கட்டினாலும் எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

பழைய கிராமம் இந்த 'ஆள்' விஷயத்தை வேறு விதமாகத் தீர்த்து வைத்திருந்தது. ஊருக்கு ஊர் நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று பெயர் மாறும், வேலை ஒன்று. மழை இரவில் கரையில் நடந்து கசிவு பார்ப்பது, மடை திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று முறைப்படுத்துவது. அறுவடைக் களத்தில் அவருக்கு நெல் அளந்தார்கள். கண்மாய் மீனும் கரைப் புளியும் ஏலம் போய், அந்தக் காசில் பராமரிப்பு நடந்தது. இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: அந்த வேலை பெரும்பாலும் தலித் குடும்பங்களின் தலையில் விழுந்தது, அளந்த நெல் சொற்பம். நாம் ஏக்கத்தோடு பேசுகிற குடிமராமத்தை 1858-இல் வெள்ளைக்கார அரசு சட்டம் போட்டுக் கட்டாய உழைப்பாகவும் ஆக்கிவைத்தது. அதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் குளத்துக்கென்று சம்பளம் வாங்குகிற ஒருவர் வேண்டும் என்ற ஏற்பாடு சரியானது. இன்றைய திட்ட மதிப்பீடுகளில் விடுபட்டுப்போவது சரியாக அதுதான். மண் அள்ள ரூபாய் ஒதுக்குகிறோம். நான்காம் வருஷம் மடைப் பலகை உளுத்தால் மாற்றுவதற்கு ஒரு வரி எங்கும் இல்லை.

நகரத்துக்கும் இதே கதைதான். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது தமிழ்நாடு முழுக்க வீட்டுக்கு வீடு குழி தோண்டினோம். உள்ளாட்சி நிறுவனங்களின் அதிகாரத்தை வைத்து அவ்வளவு பெரிய வேலை நடந்தது. வேறெந்த மாநிலமும் அப்போது அதைச் செய்யவில்லை என்றே அந்தக் காலத்தில் பெருமைப்பட்டுக்கொண்டோம். இன்று அந்தக் குழிகளில் எத்தனை மண் மூடிக் கிடக்கின்றன என்று உங்கள் வீட்டிலிருந்தே தொடங்கிப் பாருங்கள். கட்டும்போது பார்க்க ஓர் அதிகாரி இருந்தார். கட்டி முடித்தபின் பார்க்க யாரையும் நியமிக்கவில்லை. 2022-இல் நகரங்களுக்குப் பகுதி சபைகளும் வார்டு குழுக்களும் விதிப்படி வந்திருக்கின்றன. உங்கள் பகுதி சபை எப்போது கூடியது என்று கவுன்சிலரைக் கேளுங்கள். மழைக்கு முன் குழிகளைச் சுத்தம் செய்வது அங்கே எழுப்ப மிகப் பொருத்தமான விஷயம்.

காகிதம் எவ்வளவு வலுவானது என்பதற்கு மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியைவிட நல்ல சாட்சி கிடையாது. ஏழு குன்றுகள், அவற்றின் மடியில் எழுபத்திரண்டு ஏரி குளங்கள், இருநூறு சுனைகள், சமணர் படுகைகள், தமிழிக் கல்வெட்டு, குடைவரைக் கோயில். லகர் வல்லூறும் ஷாகீன் வல்லூறும் போனெல்லிக் கழுகும் உட்பட இருநூற்றைம்பது வகைப் பறவைகள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 எக்டேர், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்துகொண்டுதான் அப்படி அறிவிக்க முடியும் என்பது 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம். இரண்டே வருஷத்தில், 2024 நவம்பரில், அந்த 193 எக்டேரையும் உள்ளடக்கிய இரண்டாயிரம் எக்டேர் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. அதே மாதம் 23-ஆம் தேதி கிராம சபை. அரிட்டாபட்டியும் சுற்றுப்பட்ட ஊராட்சிகள் பலவும் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றத் தீர்மானம், ஜனவரி தொடக்கத்தில் மேலூரிலிருந்து மதுரை வரை மக்கள் பேரணி, 2025 ஜனவரி 23-இல் ஏலம் ரத்து. தீர்மானம் மட்டுமே சுரங்கத்தை நிறுத்தியது என்று சொல்ல மாட்டேன். தெருவில் இறங்கிய ஜனம் நிறுத்தியது. ஆனால் அந்த ஜனத்தின் கையில் ஏற்கெனவே இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று அரசிதழ் அறிவிக்கை, மற்றது தங்கள் ஊராட்சியின் தீர்மான நோட்டு.

அதே பல்லுயிர்ச் சட்டத்தில், அதிகம் பேர் அறியாத ஒரு பிரிவு எல்லா ஊராட்சிகளுக்கும் பொது. ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் பல்லுயிர் மேலாண்மைக் குழு ஒன்றை அமைக்க வேண்டும். அந்தக் குழு 'மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு' எழுத வேண்டும். பதினைந்து வருஷத்துக்கு மேல் நாட்டில் பெரும்பாலான இடங்களில் யாரும் அதைத் தொடவில்லை. 2020 ஜனவரிக்குள் முடிக்காத மாநிலங்கள் மாதம் பத்து லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன பிறகு, அவசர அவசரமாக லட்சக்கணக்கில் குழுக்கள் பிறந்தன. உங்கள் ஊரிலும் நிச்சயம் ஒன்று இருக்கும். அதில் உறுப்பினராக இருப்பது அந்த உறுப்பினருக்கே தெரியாமலும் இருக்கலாம்.

நான் வாசகர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம் என்றால் இதைத்தான் கேட்பேன்: உங்கள் ஊர்ப் பதிவேட்டை வாங்கிப் பாருங்கள். பக்கத்து ஊர்ப் பதிவேட்டின் நகலாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். உட்கார்ந்து மறுபடி எழுதுங்கள். கண்மாயில் அயிரை இன்னும் கிடைக்கிறதா, குரவை எந்த வருஷத்தோடு போயிற்று, விராலுக்குப் பதில் யார் எதை விட்டார்கள்? நாமக்கோழியும் முக்குளிப்பானும் எந்த மாதம் வருகின்றன? உப்பேறிய நிலத்தில் குழியடிச்சான் போட்டவர் யாராவது விதை வைத்திருக்கிறாரா, வெள்ளத்தில் ஆளுயரம் நின்று தாங்கும் காட்டுயானத்தைக் கடைசியாக விதைத்தது யார்? கரையில் கோரை எந்த மூலையில் அடர்த்தி? இதைச் சொல்லத் தெரிந்தவர்கள் எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். மீன்பிடித்தவரிடமும் ஆடு மேய்த்தவரிடமும் நாற்று நட்ட பெண்களிடமும் கேளுங்கள். கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருகிறவர்களுக்கு இதில் பாதிகூடத் தெரிந்திருக்காது. பள்ளிப் பிள்ளைகள் எழுதிக்கொண்டால் இன்னும் நல்லது. கடல்நீர் உள்ளே ஏறும்போதும் மழை தப்பும்போதும் எந்த விதை கைகொடுக்கும் என்று எந்த ஆலோசகரும் உங்கள் ஊருக்கு வந்து சொல்லப்போவதில்லை.

பணமே இல்லாமல் எல்லாம் நடந்துவிடும் என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். நீலகிரிக்கு அந்தப்பக்கம், வயநாட்டின் மீனங்காடி ஊராட்சி 2016 சுற்றுச்சூழல் நாளில் கரிமச் சமநிலை என்ற இலக்கை அறிவித்தது. அங்கே 'மர வங்கி' என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள்: விவசாயி தன் மரத்தை அடமானம் வைப்பதுபோல ஒப்படைக்க, மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஐம்பது ரூபாய் வட்டியில்லாக் கடன், பத்து வருஷத்துக்கு. மரத்தை வெட்டினால்தான் கடனைக் கட்ட வேண்டும். மகள் கல்யாணத்துக்கு மரத்தை விற்கும் குடும்பத்திடம் 'மரம் வளர்ப்போம்' என்று சொல்வதைவிட இது எவ்வளவோ யோக்கியமான பேச்சு. அதற்கான பணத்தைக் கேரள அரசுதான் தந்தது. 1996-இலிருந்து திட்ட நிதியில் பெரும் பங்கை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுத்துப் பழகிய மாநிலம் அது. அந்தப் பழக்கம் இருந்ததால்தான் ஓர் ஊராட்சிக்கு இப்படி யோசிக்கவே துணிவு வந்தது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஆர்வத்தில் எல்லா இடத்திலும் மரம் நட்டுவிடாதீர்கள். மேய்க்கால் புறம்போக்கு வெறும் நிலமாகத் தெரியும். ஆட்டுக்கும் ஆள்காட்டிப் பறவைக்கும் அதுதான் வீடு. நெருக்கிநட்ட குறுங்காடு அங்கே தேவையில்லை. ஏரிக்கரையைச் சுற்றிக் கான்கிரீட் நடைபாதை, கம்பி வேலி, விளக்கு, பெயர்ப்பலகை என்று மாநகராட்சிகள் செய்வதைப் பார்த்து ஊராட்சிகளும் ஆசைப்படத் தொடங்கியிருக்கின்றன. கோவையில் உக்கடம் பெரியகுளத்தில் மாலையில் நடந்துபோக நன்றாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. கோரையும் சேறும் உள்ள அழுக்கான கரை இருந்தால்தான் பறவை கூடு கட்டும் என்பதை அந்த மதிப்பீடு போட்டவர் யாரிடமாவது கேட்டிருக்கலாம். சீமைக் கருவேலத்தை வெட்டும்போதும் அப்படியே. கண்மாய்க்குள் இருப்பதை வேரோடு எடுங்கள். ஆனால் ராமநாதபுரம் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்களைக் கூப்பிட்டுப் பேசாமல் தீர்மானம் எழுதாதீர்கள்.

இனி காரியம். வருஷத்தில் ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் என்பதால் குளத்தைப் பேச அதைவிட நல்ல நாள் இல்லை. தலைவர் இல்லாவிட்டாலும் தனி அலுவலர் பொறுப்பில் சபை கூட வேண்டும். ஐந்நூறு பேர் வரை உள்ள ஊராட்சிக்கு ஐம்பது பேர், மூவாயிரம் வரை நூறு, பத்தாயிரம் வரை இருநூறு, அதற்கு மேல் முந்நூறு என்பது குறைந்தபட்ச வருகைக் கணக்கு. ஆள் போதாமல் சபை கலையும் ஊர்களில் உங்கள் இளைஞர் குழுவின் முதல் சேவை, பெண்களையும் சேர்த்து அந்த எண்ணிக்கையைக் கூட்டுவதுதான். தீர்மானத்தை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். அதில் புல எண், பரப்பு, வரத்துக் கால்வாயின் பெயர், எந்தத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும் என்பது, அடுத்த ஐந்து வருஷம் மடையையும் கரையையும் பார்க்கப் பொறுப்பு யார், அவருக்கு மீன்பாசி ஏலத்தில் எத்தனை பங்கு என்பது வரை இருக்கட்டும். நோட்டில் ஏறியதை நின்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நகல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

நிறைவேறிய தீர்மானத்தின் நகலை எங்களுக்கும் ஒன்று அனுப்புங்கள். வருகிறவற்றில் நன்றாக எழுதப்பட்ட ஒன்றை மாதந்தோறும் அப்படியே அச்சிடுவதாக இருக்கிறோம், மற்ற ஊர்கள் பார்த்து எழுத வசதியாக. மூன்று வருஷத்துக்கு முன் தூர்வாரிய குளம் உங்கள் ஊரில் இருந்தால் அதன் இன்றைய நிலையை எழுதுங்கள். தூர்ந்துபோயிருந்தாலும் எழுதுங்கள், அதற்குத்தான் முதலிடம். படம் அனுப்புகிறவர்கள் திறப்புவிழாப் படத்தைத் தவிர்க்கவும்.

அன்புடன்,
ஆசிரியர்